'ரெட்ரோ ஸ்டைல்' கேமை நிஜ நெஸ்ல ஓட்ட முடியுமா? கோடோல பண்ணதை கார்ட்ரிட்ஜுக்கு கொண்டு போறது பத்தி

பிக்சல்_பூச்சி:
வணக்கம் மக்களே. கோடோன்ற (Godot) கேம் எஞ்சின்ல ஒரு சின்ன பிளாட்ஃபார்மர், அதாவது குதிச்சு தாண்டுற கேம், பண்ணி முடிச்சிருக்கேன். 16க்கு 16 கேரக்டர், சிப்டியூன் மியூசிக், கம்மி கலரு, பாக்கிறவன் எல்லாம் "அப்படியே நெஸ் கேம் மாதிரி இருக்கே"ன்றான். சரி, மாதிரி என்ன மாதிரி, நெஸ்லயே (NES, நிண்டெண்டோவோட எண்பதுகள் கன்சோல்) ஓட்டிட்டா என்னன்னு ஒரு ஆசை. எமுலேட்டர்ல (கம்ப்யூட்டர்ல நெஸ் மாதிரி நடிக்கிற சாஃப்ட்வேர்) மட்டும் இல்ல, கார்ட்ரிட்ஜ் போட்டு பழைய டியூப் டிவில. ஸ்க்ரீன் 384க்கு 216 வெச்சிருக்கேன், ஒரே நேரத்துல 20 எதிரி வரைக்கும் வருவாங்க, பின்னாடி மூணு லேயர் பாரலாக்ஸ், அதாவது ஒவ்வொண்ணும் வேற வேற வேகத்துல நகர்ற பின்னணி, ஓடும். கோடை சி-க்கு மாத்தி சிசி65ல (நெஸ் பிராசஸரான 6502க்கான சி கம்பைலர்) கம்பைல் பண்ணா போதுமா, இல்ல இன்னும் ஏதாவது வேலை இருக்கா?

6502_ரசிகன்:
"மாத்தி கம்பைல் பண்ணா போதுமா"ன்ற எண்ணத்தை இப்பவே இறக்கி வெச்சிருங்க ப்ரோ, அப்புறம் பேசலாம் 🙂

நெஸ்ல ரேம் 2 கிலோபைட். மெகா இல்ல, கிலோ. அதுல 256 பைட் ஸ்டேக்குக்கு போயிரும், இன்னொரு 256 ஸ்ப்ரைட் (நகர்ற குட்டி படம்) லிஸ்டுக்கு. மிச்சம் ஒன்றரை கிலோபைட்லதான் எதிரி, புல்லட், லெவல் நிலைமை, மியூசிக் எஞ்சின் எல்லாம் குடித்தனம் பண்ணணும். பிராசஸர் 1.79 மெகாஹெர்ட்ஸ், ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 29,780 சைக்கிள்தான் கைல இருக்கும், ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் 2லேர்ந்து 7 சைக்கிள் சாப்பிடும், கணக்கு போட்டா ஃப்ரேமுக்கு ஏழெட்டாயிரம் இன்ஸ்ட்ரக்ஷன், முடிஞ்சுது. பெருக்கல் வகுத்தலுக்கு இன்ஸ்ட்ரக்ஷனே கிடையாது, ஃப்ளோட்டை (தசம எண்) பத்தி கேக்கவே வேணாம். உங்க கோட்ல எங்கெல்லாம் டெல்டா (ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல ஆன நேரம்) வருதோ அதெல்லாம் போயிரும்.

இப்ப உங்க 20 எதிரி. நெஸ்ல மொத்தம் 64 ஸ்ப்ரைட், ஒவ்வொண்ணும் 8க்கு 8. ஒரு 16க்கு 16 ஆளுக்கு நாலு ஸ்ப்ரைட், 20 ஆளுக்கு 80. இப்பவே தாண்டிருச்சு. 8க்கு 16 மோட்ல போட்டா ஒரு ஆளுக்கு ரெண்டு, 40ல அடங்கிரும், சரி. ஆனா ஒரு ஸ்கேன்லைன்ல, அதாவது டிவி படத்தோட ஒரு கிடைக்கோட்டுல, 8 ஸ்ப்ரைட்டுக்கு மேல ஹார்டுவேர் வரையாது. அதாவது ஒரே தளத்துல நிக்கிற 16 பிக்சல் அகல ஆளுங்க நாலு பேர்தான் தெரிவாங்க, அஞ்சாவது ஆள் மாயமா மறைஞ்சிருவான். ஒவ்வொரு ஃப்ரேமும் லிஸ்ட்ல வரிசையை மாத்தி மாத்தி போட்டா எல்லாரும் மினுக்கி மினுக்கி தெரிவாங்க. அந்த காலத்து கேம்ல பாக்குற ஃப்ளிக்கர் அதுதான்.

பாரலாக்ஸ்: பேக்ரவுண்ட் லேயர் ஒண்ணே ஒண்ணு. மூணு எல்லாம் இல்ல.

டைல்மேப்:
அண்ணே ஆளை பயமுறுத்தி ஓட விட்றாதீங்க. பாரலாக்ஸுக்கு வழி இருக்கு. எம்எம்சி3ன்ற மேப்பர்ல (கார்ட்ரிட்ஜுக்குள்ள மெமரியை பேங்க் பேங்கா மாத்தி குடுக்கிற சிப்) ஸ்கேன்லைன் கவுண்டர் இருக்கு, அது இன்டரப்ட் அடிக்கிற இடத்துல ஸ்க்ரோல் வேல்யூவை மாத்துனா மேல மேகம் ஒரு வேகம், நடுவுல மலை ஒரு வேகம், கீழ தரை ஒரு வேகம்னு பட்டை பட்டையா நகர்த்தலாம். ஒண்ணு மேல ஒண்ணு ஓவர்லேப் ஆகாம இருந்தா சரி. மரத்துக்கு பின்னாடி மலை தெரியுற மாதிரி வேணும்னா டைல் கிராஃபிக்ஸையே பேங்க் மாத்தி அனிமேட் பண்ணி ஏமாத்தணும், அந்த வித்தையும் நிறைய கேம்ல இருக்கு.

என்னை கேட்டா நிஜ தலைவலி ஸ்க்ரீன் அகலம்தான். 384ல டிசைன் பண்ணத நெஸ்ஸோட 256 பிக்சல் அகலத்துல பாக்கும்போது பிளேயர் கண்ணுக்கு மூணுல ஒரு பங்கு காணாம போயிருது. முன்னாடி தூரத்துலயே தெரிஞ்ச எதிரி இப்ப மூக்குக்கு முன்னாடி திடீர்னு முளைப்பான். குதிச்சா எங்க இறங்குவோம்னே தெரியாது. எதிரி வேகம், கேப் அகலம், கேமரா எவ்ளோ முன்னாடி நகரணும் எல்லாத்தையும் மறுபடி ட்யூன் பண்ணணும். ஒவ்வொரு லெவலையும்! கோட் எழுதறது சீக்கிரம் முடிஞ்சிரும், இது முடியாது.

பிக்சல்_பூச்சி:
ஐயோ. அப்ப ஷவல் நைட் எல்லாம் எப்படி? அது நெஸ் கேம்னு சொன்னா நம்பிருவோம், அதுல பாரலாக்ஸ் இருக்கு, அகலத்திரை இருக்கு, ஃப்ளிக்கரே இல்லயே?

6502_ரசிகன்:
அது நெஸ் கேமே இல்லன்றதுதான் பதில். 2014ல வந்தது, பிசிக்கும் அப்போதைய கன்சோலுக்கும் பண்ணது. பண்ணவங்களே எந்தெந்த ரூலை வேணும்னே மீறினோம்னு விலாவாரியா எழுதிருக்காங்க: அகலத்திரை, ஃப்ளிக்கர் இல்லாத ஸ்ப்ரைட், பல லேயர் பாரலாக்ஸ், நெஸ் பேலட்ல இல்லாத சில கலர் சேத்துக்கிட்டது. அதாவது நெஸ் கேமை பத்தி நம்ம ஞாபகத்துல என்ன இருக்கோ அதை பண்ணாங்க, நெஸ்ஸை பண்ணல. அதுல தப்பே இல்ல, அருமையான கேம். ஆனா உங்களுக்கு மாடலா எடுத்துக்காதீங்க.

நீங்க பாக்க வேண்டியது ஆல்வாஸ் அவேக்கனிங். 2017ல பிசில ரெட்ரோ ஸ்டைலா வந்துச்சு, அப்புறம் பிராட் ஸ்மித்னு ஒரு நெஸ் புரோகிராமர் அதை நிஜ நெஸ்ஸுக்கு 8-பிட் எடிஷனா கொண்டு வந்தார். உங்க கேஸ் அச்சா அதேதான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஓட்டி பாருங்க, எது நிக்குது எது போயிருக்குன்னு தெரியும்.

அப்புறம் மைக்ரோ மேஜஸ், மார்ஃப்கேட் கேம்ஸ், 2019. மொத்த கேமும் 40 கிலோபைட், 32 புரோகிராம் 8 கிராஃபிக்ஸ், மேப்பரே இல்லாத சாதா போர்டு, அதுல நாலு பேர் விளையாடலாம்! லெவலோட ஒரு பாதியை மட்டும் வெச்சுக்கிட்டு மறுபாதியை திருப்பி போட்டு இடத்தை மிச்சம் பண்ணிருப்பாங்க. அவங்களே ஒரு வீடியோல விளக்கிருக்காங்க, கட்டாயம் பாருங்க.

மெகாடிரைவ்_மாமா:
ஏன்யா எல்லாரும் அந்த புள்ளைய 2 கேபிக்குள்ள தள்றீங்க? சேகாவோட மெகா டிரைவ் கன்சோல் இருக்குல்ல. 68000 பிராசஸர், 7.67 மெகாஹெர்ட்ஸ், ரேம் 64 கேபி, வீடியோவுக்கு தனியா 64 கேபி. ஸ்க்ரீன் 320க்கு 224, இவர் 384லேர்ந்து வர்றார், சேதம் கம்மி. ரெண்டு பிளேன் (பேக்ரவுண்ட் லேயர்) தனித்தனியா ஸ்க்ரோல் ஆகும், அதுல வரிக்கு வரி வேற வேற வேகம் வெக்கலாம், பாரலாக்ஸ் எல்லாம் அங்க வீட்டு சமாச்சாரம். 80 ஸ்ப்ரைட், ஒவ்வொண்ணும் 32க்கு 32 வரைக்கும், ஒரு லைன்ல 20. இவரோட 20 எதிரியும் ஒரே வரிசைல நின்னாலும் ஒண்ணு ரெண்டு பேர்தான் கட் ஆவாங்க. எஸ்ஜிடிகேன்னு ஒரு கிட் இருக்கு, சி-லயே எழுதலாம், ஸ்ப்ரைட் எஞ்சின், சவுண்டு டிரைவர் எல்லாம் கூடவே வருது. பெருக்கல் இன்ஸ்ட்ரக்ஷனும் இருக்கு (70 சைக்கிள் வரைக்கும் தின்னும், ஆனா இருக்கு!). ஜீனோ கிரைசிஸ், டாங்கிள்வுட் எல்லாம் இப்ப நம்ம காலத்துல வந்த மெகா டிரைவ் கேம்தான்.

டைல்மேப்:
மாமா சொல்றது டெக்னிக்கலா கரெக்ட், ஆனா அவர் ஆர்ட் நெஸ் ஆர்ட். மெகா டிரைவ்ல ஒரு பேலட்டுக்கு (கலர் தொகுப்பு) 16 கலர், நாலு பேலட். அதுல மூணு கலர் கேரக்டரை நிறுத்தினா "ஏன் இவ்ளோ ஏழையா இருக்கு"ன்னு கேப்பான்.

மெகாடிரைவ்_மாமா:
கேக்கட்டுமே. லபாயே டே மோர்ட்னு ஒரு கேம், லோகோமலிடோ பண்ணது, 2010, ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் மாதிரி ஒத்தை கலர் ஆர்ட். அதை மெகா டிரைவுக்கு கொண்டு வந்தாங்க, அதே ஒத்தை கலர் ஆர்ட்டோட. யாரும் ஏழைன்னு சொல்லல. எந்த மெஷின்ல ஓடுதுன்னு பாத்து ஆர்ட்டை பணக்காரன் ஆக்கணும்னு சட்டம் இல்ல.

சும்மாபாக்கவந்தேன்:
ஒரு டவுட்டு. கார்ட்ரிட்ஜ் உள்ள ஒரு ஏஆர்எம் சிப்பை வெச்சு எல்லா கணக்கும் அது போட்டு, நெஸ் வெறும் படம் காட்டுற வேலை மட்டும் பார்த்தா? பிரச்சனை தீர்ந்துச்சே?

6502_ரசிகன்:
பண்ணலாம். ராஸ்பெர்ரி பையை கார்ட்ரிட்ஜுக்குள்ள நுழைச்சு நெஸ்ஸை வெறும் டிஸ்ப்ளேவா ஆக்கி காட்டினவரும் இருக்கார். ஆனா அப்ப அது நெஸ் போர்ட் (ஒரு கேமை வேற மெஷினுக்கு கொண்டு போறது) இல்ல, நெஸ் டப்பா மாட்டின வேற கம்ப்யூட்டர்.

மெகாடிரைவ்_மாமா:
இந்த சுத்தம் பாக்குற பேச்சுதான் எனக்கு பிடிக்காது. அந்த காலத்துலயே கார்ட்ரிட்ஜுக்குள்ள சிப்பு வெச்சவங்கதானே எல்லாரும்? அட்டாரி 2600ல பிட்ஃபால் 2, 1984, உள்ள டிபிசின்னு ஸ்பெஷல் சிப். சூப்பர் நெஸ்ல ஸ்டார் ஃபாக்ஸ், 1993, சூப்பர் எஃப்எக்ஸ். மெகா டிரைவ்ல வர்ச்சுவா ரேசிங், 1994, எஸ்விபி. மேல டைல்மேப் எம்எம்சி3 சொன்னப்ப நீங்க ஒண்ணும் மறுக்கலயே, அதுவும் எக்ஸ்ட்ரா சிப்புதானே? கோட்டை எங்க போடுவீங்க?

6502_ரசிகன்:
நல்ல கேள்வி, மழுப்ப மாட்டேன். எம்எம்சி3 பேங்க் மாத்தும், ஸ்கேன்லைன் எண்ணும், அவ்ளோதான். கேம் லாஜிக் நெஸ்லதான் ஓடுது, ஸ்ப்ரைட் லிமிட் அப்படியே இருக்கு. சூப்பர் எஃப்எக்ஸ் கணக்கு போடும், ஒத்துக்கறேன், ஆனா அது அந்த கன்சோலை விட சில மடங்கு வேகம், சரி, அந்த காலத்து விலைல அந்த காலத்து ஃபேக்டரில செய்ய முடிஞ்ச ஒண்ணு. இன்னிக்கு கைல கிடைக்கிற மைக்ரோகண்ட்ரோலர் நெஸ்ஸை விட நூறு மடங்குக்கும் மேல வேகம். அதுகிட்ட வேலையை குடுத்துட்டா நம்ம என்ன போர்ட் பண்ணோம்? கஷ்டப்பட்டு எதை விடறது எதை வெக்கறதுன்னு முடிவு பண்றதுலதான் எனக்கு மொத்த சுவாரசியமும். அட்டாரி 2600ஐ எடுத்துக்கோங்க, 128 பைட் ரேம், படத்தை வெக்க மெமரியே கிடையாது, டிவி கோடு போடப் போட புரோகிராம் கூடவே ஓடி ஒவ்வொரு லைனையும் குடுக்கணும். அதுல எட் ஃப்ரைஸ் 2010ல ஹேலோன்ற முப்பரிமாண ஷூட்டிங் கேமை 4 கேபிக்குள்ள அடக்கினார். முப்பரிமாணம் போச்சு, கதை போச்சு, எல்லாம் போச்சு, ஆனா பாத்த உடனே ஹேலோன்னு தெரியும். போர்ட்னா என்னை பொறுத்தவரை அது.

மெகாடிரைவ்_மாமா:
"அந்த காலத்து விலை"ன்னு ஒரு கோடு போட்டீங்க பாருங்க, அது உங்க ரசனை, ரூல் இல்ல. சரி விடுங்க, இதுக்கு முடிவே கிடையாது.

சவுண்டுசிப்பு:
யாரும் சத்தத்தை பத்தியே பேசல, வழக்கம்போல 😒

பூச்சி, உங்க சிப்டியூன் எத்தனை சேனல்? நெஸ்ல அஞ்சு: ரெண்டு பல்ஸ், ஒரு டிரையாங்கிள், ஒரு நாய்ஸ், ஒரு டிபிசிஎம் சாம்பிள். டிரையாங்கிளுக்கு வால்யூமே கிடையாது, ஒண்ணு கத்தும் இல்ல கத்தாது. சவுண்டு எஃபெக்டுக்குன்னு தனி சேனல் இல்ல, குதிக்கிற சத்தம் வரும்போது மியூசிக்ல ஒரு சேனலை பிடுங்கித்தான் ஆகணும். அதனால மெலடியை எந்த சேனல்ல வெக்கறோம், எஃபெக்ட் எதை பிடுங்கும்னு பாட்டு போடும்போதே யோசிக்கணும். ஃபேமிஸ்டூடியோன்ற நெஸ் மியூசிக் டூல்ல போடுங்க, அது நேரா அசெம்பிளிக்கு எக்ஸ்போர்ட் பண்ணும்.

ஷவல் நைட் மியூசிக்கை கேட்டுட்டு அந்த மாதிரி வேணும்னு கிளம்பாதீங்க. அது விஆர்சி6ன்ற கார்ட்ரிட்ஜ் சிப்புக்கு எழுதினது, கூட ரெண்டு பல்ஸ் ஒரு சாடூத் கிடைக்கும். ஜப்பான் ஃபேமிகாம்ல (நெஸ்ஸோட ஜப்பான் வடிவம்) கார்ட்ரிட்ஜ்லேர்ந்து வர்ற சத்தம் மெஷின் சத்தத்தோட கலக்கும். வெளிநாட்டு நெஸ்ல அந்த லைன் கார்ட்ரிட்ஜ் சாக்கெட்ல இல்ல, அடில இருக்கிற எக்ஸ்பான்ஷன் போர்ட்டுக்கு போயிருச்சு. மெஷினை திறந்து ரெசிஸ்டர் வெச்சா வரும், பிளேயர் எல்லாரும் அதை செய்வாங்களா?

இன்னொண்ணு, எல்லாரும் மாட்டிக்கிற இடம். டிபிசிஎம் சாம்பிள் ஓடிட்டு இருக்கும்போது கன்ட்ரோலரை ரீட் பண்ணா அப்பப்ப ஒரு பிட் தவறிரும், பிளேயர் தொடாமலே வலது பக்கம் அமுக்கின மாதிரி வரும். அது சிப்புலயே இருக்கிற கோளாறு. ரெண்டு தடவ ரீட் பண்ணி ரெண்டும் ஒண்ணா வர்ற வரைக்கும் திரும்ப படிக்கணும். இல்லன்னா டிரம்ஸை நாய்ஸ்லயே போட்டுட்டு டிபிசிஎம்மை விட்ருங்க. நான் விட்ருவேன்.

பிக்சல்_பூச்சி:
படிக்க படிக்க தலை சுத்துது, ஆனா விட மனசில்ல. மாமா கோச்சுக்காதீங்க, நெஸ்லயே பண்றேன். முழு கேம் இல்ல, முதல் லெவல் மட்டும். எதிரி ஸ்க்ரீன்ல அதிகபட்சம் அஞ்சு, 8க்கு 16 ஸ்ப்ரைட், பாரலாக்ஸ் ஒரு பட்டை மேகம் மட்டும். கலருக்கு என்ன ரூல்?

டைல்மேப்:
நல்ல முடிவு. பேக்ரவுண்டுக்கு நாலு பேலட், ஒவ்வொண்ணுலயும் மூணு கலர், கூட எல்லாத்துக்கும் பொதுவா ஒரு கலர். ஆக மொத்தம் 13. ஆனா எந்த பேலட்னு 16க்கு 16 கட்டத்துக்கு ஒரு தடவதான் சொல்ல முடியும், 8க்கு 8 டைலுக்கு தனியா சொல்ல முடியாது. புல் பச்சையும் செங்கல் சிவப்பும் ஒரே கட்டத்துல வந்தா ரெண்டும் ஒரே மூணு கலரை பங்கு போட்டுக்கணும். உங்க கோடோ டைல்செட் கட்டாயம் இதை மீறிருக்கும், எல்லா ரெட்ரோ ஸ்டைல் கேமும் மீறும், கண்ணுக்கு தெரியாது. ஒரு நேரத்துல பேக்ரவுண்டுக்கு 256 டைல்தான், எழுத்து ஃபான்ட் எண்ணு எல்லாம் அதுக்குள்ள. ஸ்ப்ரைட்டுக்கு நாலு பேலட், மூணு கலர், ஒரு கலர் டிரான்ஸ்பரன்ட். பாதி தெரியுற மாதிரி அரை டிரான்ஸ்பரன்சி எல்லாம் கிடையாது, ஒரு ஃப்ரேம் விட்டு ஒரு ஃப்ரேம் காட்டினா டியூப் டிவில ஒப்பேறும்.

6502_ரசிகன்:
கூடவே இது. ஸ்க்ரீன்ல டைல் மாத்தணும்னா வி-பிளாங்க்லதான் மாத்தணும், அதாவது டிவி பீம் கீழ முடிச்சு மேல போற நேரம். 2,273 சைக்கிள் கிடைக்கும், அதுல ஸ்ப்ரைட் லிஸ்ட் காப்பி பண்ண 513 போயிரும். மிச்சம் 1,760ல லூப் போடாம நேரடியா வரிசையா எழுதினா பைட்டுக்கு 8 சைக்கிள், 200 சொச்சம் பைட். அதனால ஸ்க்ரோல் ஆகும்போது மேலேர்ந்து கீழ ஒரே ஒரு நெடுக்கு வரிசை டைலை மட்டும் எழுதிட்டு மத்ததை அடுத்த ஃப்ரேமுக்கு தள்ளுற மாதிரி ஒரு க்யூ கட்டிக்கோங்க. முதல் வேலையா இதை கட்டுங்க, மத்ததெல்லாம் இது மேலதான் நிக்கும்.

வி_பிளாங்க்:
நிஜ மெஷின்ல டெஸ்ட் பண்றதை கடைசில வெச்சுக்காதீங்க. எமுலேட்டர் பல நேரம் பவர் ஆன் ஆனதும் ரேமை பூஜ்யமா குடுக்கும், நிஜ மெஷின்ல குப்பை இருக்கும். இனிஷியலைஸ் பண்ணாத ஒரு வேரியபிள் எமுலேட்டர்ல ஒழுங்கா ஓடும், டிவில போட்டா முதல் ஸ்க்ரீன்லயே செத்துரும். மெசென்ற எமுலேட்டர்ல ரேமை ரேண்டமா நிரப்புற ஆப்ஷன் இருக்கு, முதல் நாள்லேர்ந்தே அதை ஆன் பண்ணிக்கோங்க. பவர் ஆன் ஆன உடனே வீடியோ சிப்பும் ரெடியா இருக்காது, ரெண்டு வி-பிளாங்க் காத்திருந்துட்டு எழுதணும்.

டெஸ்டுக்கு எவர்டிரைவ் மாதிரி ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் போதும். அப்புறம் சொந்தமா கார்ட்ரிட்ஜ் போர்டு செய்யும்போது ஒண்ணு பாருங்க, நெஸ் 5 வோல்ட். விலை கம்மின்னு 3.3 வோல்ட் ஃபிளாஷ் சிப்பை லெவல் ஷிஃப்டர் இல்லாம நேரா சாலிடர் பண்ண போர்டு சுத்திட்டு இருக்கு. ஓடும், ஆனா சிப்புக்கும் மெஷினுக்கும் நல்லதில்ல.

சும்மாபாக்கவந்தேன்:
இதெல்லாம் சட்டப்படி ஓகேவா? கம்பெனிக்காரன் வந்து தூக்கிர மாட்டானா? போர்ட்டல் 64 ஞாபகம் இருக்கு.

வி_பிளாங்க்:
போர்ட்டல் 64 கதை வேற. நிண்டெண்டோவோட என்64 கன்சோல்ல, வால்வ் கம்பெனியோட போர்ட்டல் கேமை ரசிகர் பண்ணிட்டு இருந்தாங்க, நிண்டெண்டோவோட சொந்த டெவலப்மென்ட் லைப்ரரியை யூஸ் பண்ணிருந்தாங்க, அதை காரணம் காட்டி வால்வ் 2024 ஜனவரில நிறுத்தச் சொல்லிருச்சு. கேம் வால்வோடது, லைப்ரரி நிண்டெண்டோவோடது, ரெண்டு பக்கமும் சிக்கல். பூச்சிக்கு கேம் அவரோடதே, டூல் எல்லாம் ஓப்பன் சோர்ஸ். அது வேற இது வேற. லோகோ, டிரேட்மார்க் மட்டும் டப்பால போடாம இருந்தா சரி.

பிக்சல்_பூச்சி:
அப்டேட். க்யூ கட்டியாச்சு, ஸ்க்ரோல் ஆகுது, ஆள் நடக்கிறான், செம்ம சந்தோஷம். ஆனா குதிக்கறது ஒத்து வரல. கோடோல கிராவிட்டி 900, ஜம்ப் வேகம் 240, ரெண்டு பிளாக் உயரம் அதாவது 32 பிக்சல் லேசா தாண்டி ஏறுவான். இங்க ஃபிக்ஸட் பாயிண்ட்ல மாத்தி போட்டா ரெண்டாவது பிளாக்ல கால் தட்டி கீழ விழறான். கணக்கு சரியாத்தான் தெரியுது?

6502_ரசிகன்:
கணக்கு போட்டு பாப்போம். 8.8 ஃபிக்ஸட் பாயிண்ட், மேல் பைட் பிக்சல், கீழ் பைட் பின்னம். செகண்டுக்கு 240 பிக்சல்னா ஃப்ரேமுக்கு 4, அதை 256ஆல பெருக்கினா 1024. கிராவிட்டி 900ஐ 3600ஆல வகுத்தா 0.25, அதாவது 64. இந்த நம்பர்தானே போட்டிருக்கீங்க? நம்பர் சரி. நீங்க எந்த வரிசைல பண்றீங்க? கோடோ டெம்ப்ளேட்ல முதல்ல கிராவிட்டி கூட்டும், அப்புறம் ஜம்ப் வேகத்தை வெக்கும், அப்புறம் நகர்த்தும். முதல் ஃப்ரேம் முழு 4 பிக்சல் போகும், அப்புறம் 3.75, 3.5ன்னு குறையும், மொத்தம் 34. ஜம்பை வெச்சிட்டு அப்புறம் கிராவிட்டியை கூட்டிட்டு நகர்த்தினா முதல் ஃப்ரேமே 3.75ல ஆரம்பிக்கும், மொத்தம் 30தான் வரும். உங்க 32 பிக்சல் பிளாக் சரியா நடுவுல மாட்டுது.

பிக்சல்_பூச்சி:
ஆமா ஜம்ப்புக்கு அப்புறம்தான் கிராவிட்டி இருக்கு! மாத்திட்டேன், ஏறுறான்!! அண்ணே நீங்க வேற லெவல். பால் (PAL, செகண்டுக்கு 50 ஃப்ரேம் ஓடுற டிவி முறை) மெஷின்லயும் இதே நம்பர் ஓடுமா?

6502_ரசிகன்:
ஓடும், ஆனா 50 ஃப்ரேம்ன்றதால எல்லாமே ஆறுல ஒரு பங்கு மெதுவா இருக்கும், மியூசிக் உட்பட. தனி டேபிள் வெச்சுக்கோங்க: பாலுக்கு ஜம்ப் 1229, கிராவிட்டி 92. மெஷின் எதுன்னு ஆரம்பத்துல ரெண்டு வி-பிளாங்குக்கு நடுவுல எத்தனை சைக்கிள் ஓடுதுன்னு எண்ணி கண்டுபிடிச்சிட்டு அதுக்கேத்த டேபிளை எடுத்துக்கலாம். நடக்குற வேகம், எதிரி வேகம், எல்லாம் அந்த டேபிள்லயே போடுங்க, கோடுக்குள்ள எங்கயும் நேரா நம்பர் எழுதாதீங்க.

மெகாடிரைவ்_மாமா:
ரோம் (கேம் ஃபைல்) ரெடியானதும் இங்க போடுய்யா, ஓட்டிப் பாக்கறோம். அப்படியே அந்த ஆர்ட் ஃபைலையும் குடு, மெகா டிரைவ்ல நான் ஒரு கை பாக்கறேன்.